யாரு எழுதிக் குடுத்தது?

என் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றி பம்பாய்க்குப் போனால் வீடு திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வரும்போது நடைபாதைக் கடைகளில் வாங்கிய ஏதாவது ஒன்று பையில் இருக்கும். 1998இல் ஒரு தடவை ஐந்தாறு கேசட்டுகள் வந்தன. எல்லாம் இந்திப் படப்பாட்டு. ஒன்றின் அட்டையில் மட்டும் தலையில் கிரீடம் வைத்து, பூங்கொத்தை மாரோடு அணைத்து, கண்மை கரைந்து வழிய, வாயைப் பிளந்து நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அழகிப் போட்டிப் பாட்டாக இருக்கும் என்று வாங்கிவிட்டாராம். வண்டியில் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கிறார். “என்ன சாமி, இந்தப் புள்ள இப்படிக் கத்துது? யாராச்சும் அடிச்சுப்போட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே என்னிடம் கொடுத்தார்.

அந்த ஆல்பத்தைப் பற்றி அதன்பின் நான் படித்த பல விமர்சனங்களைவிட அப்பாவின் கேள்வி நேர்மையானது. அவர் அந்தக் குரலைக் கேட்டார். அதற்கு ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். மற்ற பலருக்கு வேறு கேள்வி இருந்தது: இதை உண்மையில் எழுதிய ஆண் யார்?

குழுவின் பெயர் ஹோல். ஆல்பத்தின் பெயர் ‘லிவ் த்ரூ திஸ்’. ‘இதைக் கடந்து உயிரோடிரு’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். அது அவர்களின் இரண்டாவது ஆல்பம். 1994 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிவந்தது. குழுவின் பாடகி கோர்ட்னி லவ்வின் கணவரும் நிர்வாணா குழுவின் பாடகருமான கர்ட் கோபேனின் உடல் அவர்கள் வீட்டில் கண்டெடுக்கப்பட்டு அப்போது 4 நாள்தான் ஆகியிருந்தது. 2 மாதம் கழித்து ஜூன் 16ஆம் தேதி குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ்டன் ஃபாஃபும் ஹெராயினால் இறந்துபோனார். இந்த இரண்டு சாவுகளுக்கும் நடுவே வைத்துத்தான் உலகம் இந்த ஆல்பத்தைக் கேட்டது. இன்றும் அப்படித்தான் கேட்கிறது. நான் அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, 1992இல் தொடங்கிக் கேட்க விரும்புகிறேன். அந்த ஆண்டில்தான் குழு உடைந்தது.

*

ஹோல் 1989இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கியது. கோர்ட்னி பத்திரிகையில் ஆள் தேவை விளம்பரம் கொடுத்தார். கிட்டார் வாசிக்கும் எரிக் எர்லாண்ட்சன் பதில் எழுதினார். டிரம்ஸுக்கு கேரோலின் ரூ, பேஸ் கிட்டாருக்கு ஜில் எமரி வந்து சேர்ந்தார்கள். 1991 செப்டம்பரில் முதல் ஆல்பம் ‘பிரிட்டி ஆன் தி இன்சைட்’ வந்தது. சோனிக் யூத் குழுவின் கிம் கார்டனும் டான் ஃபிளெமிங்கும் தயாரித்தார்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சத்தத்தில் ஓடும் ஆல்பம் அது. கிட்டார்கள் சேறு மாதிரி கனத்து நகரும். அதற்குள் கோர்ட்னி கத்துவார். அதன் கோபம் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூச்சு விட அதில் இடமில்லை. கோபத்துக்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன மிஞ்சியது என்று அது சொல்வதில்லை.

1992இல் ரூவும் எமரியும் போய்விட்டார்கள். ஒரு ராக் குழுவில் டிரம்ஸும் பேஸும் ஒரே நேரத்தில் போவது என்பது வீட்டின் அஸ்திவாரத்தைக் கழற்றுவது போல. சுவரும் கூரையும் நிற்கும், ஆனால் எதன்மேல் நிற்கின்றன என்று தெரியாது. டிரம்ஸுக்கு வாஷிங்டன் மாநிலத்திலிருந்து பேட்டி ஷெமெல் வந்தார். பேஸ் இடத்துக்கு ஒருவர் வந்து நிலைக்காமல் போக, 1993இல் மினியாபொலிஸிலிருந்து கிறிஸ்டன் ஃபாஃப் வந்தார். ஜானிட்டர் ஜோ என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர். பியானோவும் செல்லோவும் முறையாகக் கற்றவர். அந்த அக்டோபரில் ஜார்ஜியா மாநிலம் மரியெட்டாவில் உள்ள டிரைக்ளாப்ஸ் ஸ்டுடியோவில், பால் கோல்டெரி, ஷான் ஸ்லேட் இருவரின் தயாரிப்பில் ஒலிப்பதிவு நடந்தது. 12 பாட்டு, 40 நிமிடத்துக்கும் குறைவு.

முதல் ஆல்பத்தையும் இரண்டாவதையும் அடுத்தடுத்துக் கேட்கும் எவருக்கும் தூக்கிவாரிப் போடும். பாட்டுகளுக்கு இப்போது மெட்டு இருக்கிறது. மௌனம் இருக்கிறது. கத்தல் எப்போது வர வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. 2 ஆண்டில் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்? நியாயமான கேள்விதான். அதற்கு உலகம் சொன்ன பதில்: வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருப்பார்.

*

இந்த வதந்தி 30 ஆண்டுக்கு மேலாகச் சாகாமல் இருக்கிறது. அதற்குச் சாதகமானவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவு நடந்தபோது கர்ட் ஸ்டுடியோவுக்கு வந்தார். இரண்டொரு பாட்டில் பின்குரல் கொடுத்தார். கூர்ந்து கேட்டால் காதில் விழும். நிர்வாணாவுக்கென்று அவர் எழுதிய ஒரு பாட்டை ஹோல் பதிவு செய்தது. ஆனால் அது இந்த ஆல்பத்தில் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பாட்டுக்காரர்கள் இருந்தால் ஒருவர் முனகுவது மற்றவர் காதில் விழாமலா இருக்கும்? அது இரு பக்கமும் நடக்கும். கர்ட்டின் கடைசி ஆல்பத்தில் கோர்ட்னியின் கை எங்கே இருக்கிறது என்று யாரும் அதே ஆர்வத்தோடு தேடியதில்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்று இதைவிட எளிமையானது. 1991 நவம்பர் 19ஆம் தேதி, லண்டனில் பிபிசி வானொலியின் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக ஹோல் சில பாட்டுகளைப் பதிவு செய்தது. அவற்றில் ‘வயலட்’டும் ‘டால் பார்ட்ஸு’ம் உண்டு. இரண்டாம் ஆல்பத்தின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் பாட்டுகள் இவை. கோர்ட்னிக்கும் கர்ட்டுக்கும் திருமணம் நடந்தது 1992 பிப்ரவரி 24ஆம் தேதி. தாலி ஏறுவதற்கு மூன்று மாதம் முன்பே, எந்த வீட்டுக்காரரும் இல்லாமல், பாட்டுகள் வானொலிக் கூடத்தில் பாடி முடிக்கப்பட்டிருந்தன. வாதம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

நானும் பல வருடம் இத்தோடு முடித்துக்கொண்டேன். ‘அவளேதான் எழுதினாள், தேதியைப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு வெற்றி பெற்றவளாக எழுந்து போவேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் வேறு ஒரு தப்பைச் செய்துகொண்டிருந்தேன் என்பது பின்னால்தான் உறைத்தது. அந்தத் தப்பை என் 16 வயதிலேயே ஒருமுறை செய்திருக்கிறேன்.

*

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தேன் என்பதால் பிளஸ் ஒன்னுக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். காலை நாலரைக்கு மணி அடித்து எழுப்பி, இரவு பதினொன்று வரை படிக்க வைக்கும் பள்ளி. கேசட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் பாவாடைக்குள் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கேட்க டேப் இல்லை. அட்டையை மட்டும் பார்ப்பேன்.

பக்கத்துப் பாயில் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் அப்பா சேகோ ஃபேக்டரியில் வேலை. அவ்வளவு கூர்மையான தமிழ் பேசும் ஒருத்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாவட்ட அளவிலான கட்டுரைப் போட்டிக்கு நான் எழுதியதை இரவு கழிப்பறை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தாள். “இந்த அலங்காரத்தையெல்லாம் தூக்கிக் கடாசு கண்ணு. நெஜமா என்ன சொல்ல வந்தயோ அத மட்டும் சொல்லு” என்று பாதியை அடித்தாள். கடைசிப் பத்தியை அவள் வாயால் சொல்ல, நான் எழுதினேன். கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது.

வகுப்பில் எல்லார் முன்னாலும் ஆசிரியர் கேட்டார்: “யாரு எழுதிக் குடுத்தது? அப்பாவா? அண்ணனா?”

எனக்கு அண்ணன் இல்லை. அப்பா அஞ்சாவது வரைதான் படித்தவர். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: “யாரும் இல்லீங்க சார். நானேதான் எழுதினேன்.”

மூன்றாவது பெஞ்சில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

‘எந்த ஆண் எழுதினான்’ என்ற கேள்வி பெண்ணிடமிருந்து இரண்டு பொருளைப் பறிக்கிறது. முதலாவது, அவள் உழைப்பு. இது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது, அவளோடு சேர்ந்து உழைத்த மற்றப் பெண்கள். இதைப் பறிப்பவர்கள் நாமேதான். உதவி பெற்றேன் என்று ஒரு சொல் சொன்னாலும் முழுதும் போய்விடுமே என்ற பயத்தில், ‘நானே, நான் மட்டுமே’ என்று சத்தியம் செய்கிறோம். ஆண்களுக்கு இந்தச் சத்தியம் தேவைப்படுவதில்லை. நான்கு பேர் சேர்ந்து பாட்டுக் கட்டினார்கள் என்றால் அது அவர்களுக்கு நட்பு, குழு, தலைமுறை. நாம் நால்வர் சேர்ந்து செய்தால் சந்தேகம்.

கோர்ட்னியைக் காப்பாற்ற எழுதிய நாங்கள் எல்லாரும் கிறிஸ்டனையும் பேட்டியையும் மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்துவிட்டோம்.

*

ஆகவே இந்த முறை அவர்கள் இருவரையும் கேட்போம்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பியில் நையாண்டி மேளம் வரும். நாயனம் காதில் விழும். தவிலும் பம்பையும் காலில் விழும். ஆடுகிறவர்களைக் கேட்டால் நாயனத்தைத்தான் புகழ்வார்கள், ஆட வைத்தது பம்பையாக இருக்கும். ராக்கில் டிரம்ஸும் பேஸும் அப்படி.

‘வயலட்’டின் 1991 வானொலிப் பதிவு பின்னர் 1995இல் ஒரு சிறு தொகுப்பில் வெளிவந்தது. அதை ஆல்பத்தின் ‘வயலட்’டோடு வைத்துக் கேட்டால் ஆள் மாற்றம் என்ன செய்தது என்று தெரியும். சொல்லும் மெட்டும் பெரும்பாலும் முன்பே இருக்கின்றன. வானொலிப் பதிவில் எல்லாரும் ஒன்றாக ஓடுகிறார்கள். ஆல்பத்தில் பேட்டி காத்திருக்கிறார். பல்லவிக்கு முந்தைய வரிகளில் டிரம்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், கிறிஸ்டனின் பேஸ் பாட்டைத் தோளில் சுமந்து நடக்கும், கோர்ட்னி கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் பாடுவார். பிறகு கதவை உதைத்துத் திறந்த மாதிரி எல்லாம் ஒரே அடியில் உள்ளே வரும். அந்தக் கத்தல் நம்மை அறைவது அதற்குமுன் அமைதி இருந்ததால். அமைதியைக் கட்டியவர்கள் இந்த இருவர்.

‘மிஸ் வேர்ல்ட்’ தனிக் கிட்டாரும் தாழ்ந்த குரலுமாகத் தொடங்கும். அழகிப் போட்டியில் ஜெயித்தவளின் பாட்டு. தன்னை வெறுக்கும்படி கற்பிக்கப்பட்டவளின் பாட்டு. ‘டால் பார்ட்ஸ்’ இன்னும் சிக்கனம்: திரும்பத் திரும்ப மூன்று நான்கு தட்டு, அவ்வளவுதான். பொம்மையின் உறுப்புகளைத் தனித்தனியாக எண்ணுவது போன்ற பாட்டு. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடைகளில் படுக்க வைத்தால் கண் மூடும் நீலக்கண் பொம்மை விற்பார்கள். என்னிடம் ஒன்று இருந்தது. மஞ்சள் முடி, ரோஸ் தோல். அதன் கை கழன்றால் உள்ளே வெறும் பொந்து. ‘டால் பார்ட்ஸ்’ கேட்கும்போதெல்லாம் அந்தப் பொந்துதான் நினைவுக்கு வரும். கறுத்த எனக்கு அந்தப் பொம்மை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் கோர்ட்னிக்கும் தன் உடம்பு இருந்திருக்கிறது என்பது ஆச்சரியம். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் உள்ளவளே அப்படி உணர்ந்தால், அந்த அளவுகோலில் ஜெயிப்பவள் உலகத்தில் ஒருத்தியும் இல்லை.

இந்த ஆல்பம் வந்த அதே 1994இல்தான் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியானார், ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். 1996 நவம்பரில் உலக அழகிப் போட்டி பெங்களூருக்கே வந்தது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்துப் போராடின. பண்பாட்டுக் காவலர்களும் எதிர்த்தார்கள். பெண்ணைச் சந்தைப் பொருளாக்காதே என்பது ஒரு குரல். எங்கள் பெண்ணை வெளியே காட்டாதே என்பது இன்னொரு குரல். இரண்டும் ஒரே தெருவில் கேட்டதால் பலருக்கு வித்தியாசம் தெரியாமல் போனது. கண்மை வழிய நிற்கும் அந்த அட்டைப் படம் இரண்டு பக்கமும் சேராத மூன்றாவது பதில். நான் கிரீடத்துக்கு ஆசைப்பட்டேன், அது என்னைக் கிழித்தது, இரண்டும் உண்மை என்கிறது.

‘ஆஸ்கிங் ஃபார் இட்’ பாட்டின் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. 1991இல் ஒரு சுற்றுப்பயணக் கச்சேரியில், ஆண் பாடகர்கள் செய்வதைப் போலவே கோர்ட்னி மேடையிலிருந்து கூட்டத்தின்மேல் குதித்தார். கூட்டம் அவர் உடையைக் கிழித்தது, உடம்பைக் கையாண்டது. அதைப் பற்றி அவரே பின்னால் பேசியிருக்கிறார். ‘அவளா கேட்டு வாங்கினாள்’ என்பதுதான் தலைப்பின் பொருள். திருவிழாக் கூட்டத்தில் ஊக்கு ஒன்றை விரல்களுக்கு நடுவே பிடித்தபடி நடக்கக் கற்ற எந்தப் பெண்ணுக்கும் இந்தத் தலைப்பை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

*

சேலம் மாவட்டத்துப் பெண்ணாக எனக்கு மிகவும் கனமான பாட்டு ‘ஐ திங்க் தட் ஐ வுட் டை’. பேப்ஸ் இன் டாய்லேண்ட் குழுவின் கேட் பிஜெலண்டோடு சேர்ந்து எழுதியது. இன்னொரு பெண்ணோடு என்பதைக் கவனியுங்கள். 1992 ஆகஸ்டில் கோர்ட்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கர்ப்பத்தின்போது போதை எடுத்தார் என்று ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் எழுதியது. அது தன்னைத் தவறாகச் சித்தரிக்கிறது என்று கோர்ட்னி மறுத்தார். அரசின் குழந்தைகள் நலத்துறை தலையிட்டுச் சில காலம் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. குழந்தை எங்கே என்ற பதைப்புதான் பாட்டு. பால் என்ற சொல்லை இவ்வளவு ஆவேசமாக ராக்கில் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அதே 1992இல் எங்கள் சேலம் மாவட்டத்தில், நாமக்கல் அப்போது தனி மாவட்டமாகவில்லை, தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்றது. உயிர்கள் பிழைத்தன, அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் பேசப்பட்டது: தாய். சிசுக்கொலை வழக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவதும் அவள்தான். ‘மூணாவதும் பொட்டையா’ என்று கேட்ட மாமியாரும், ஆஸ்பத்திரிக்கே வராத அப்பனும், வரதட்சணைக் கணக்குப் போட்ட சொந்தமும் தொட்டில் விளம்பரத்தில் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் அப்படிப் பேசப்பட்ட ஒரு பெண் இருந்தாள். அவள் வாயால் அந்தக் கதையை யாரும் கேட்டதில்லை.

இரண்டையும் சமம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் பணக்காரப் பாடகியும் ஓமலூர் காட்டுக்கூலியும் ஒன்றல்ல. ஆனால் குழந்தைக்கு எது நடந்தாலும் குற்றவாளிக் கூண்டு தாயின் அளவுக்கே செய்யப்பட்டிருக்கிறது என்பது இரண்டு இடத்திலும் ஒன்று. ஒருத்திக்கு அந்தக் கூண்டிலிருந்து கத்த ஒரு மைக் கிடைத்தது. பின்னால் டிரம்ஸ் அடிக்கப் பேட்டி இருந்தார்.

*

இந்த ஆல்பத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. கடைசிப் பாட்டு ஒலிம்பியா நகரத்துப் பெண்ணியப் பங்க் கூட்டத்தைக் கேலி செய்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தி ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்ற கேலி. அதில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம். ஆனால் ஆண்கள் நடத்தும் பெரிய நிறுவனத்தின் வெளியீட்டில் உட்கார்ந்துகொண்டு, கையால் சிறுபத்திரிகை தைத்து விற்ற பெண்களைச் சிரிப்பது எளிது. கோர்ட்னிக்குத் தோழிகள் தேவைப்பட்டார்கள், அதேசமயம் தானே தனித்தவள் என்று காட்டவும் தேவைப்பட்டது. அந்தப் பாட்டு அட்டையில் ‘ராக் ஸ்டார்’ என்று அச்சாகியிருக்கிறது. அட்டை அச்சானபின் பாட்டை மாற்றியதால் பெயர் ஒன்று, உள்ளே ஒலிப்பது வேறொன்று. அட்டையில் போட்ட பெயரை நம்பாதே, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேள் என்று ஆல்பமே சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆல்பம் வந்தபின் கோர்ட்னி விதவையாகவே பார்க்கப்பட்டார். காவிரிக்கு அக்கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளை உடுத்தினார், ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று விலகினார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்தில், லட்ச ரூபாய் சம்பளத்தில் திரும்பி வந்தார். தமிழ்ச் சமூகம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்தக் கும்பிடில் அவர் குரலுக்கு எவ்வளவு, வெள்ளைப் புடவைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. கோர்ட்னி அதே ஆகஸ்டில் மேடை ஏறினார். கிழிந்த உள்பாவாடை மாதிரி கவுனும் கலைந்த சாயமுமாகப் பாடினார். அதற்குக் கிடைத்த பெயர் வெட்கமில்லாதவள். போலீஸ் தற்கொலை என்று முடிவு செய்த மரணத்துக்கு அவர்மேல் கொலைப்பழிகூடப் போட்டார்கள். துக்கம் எப்படி உடுத்த வேண்டும் என்பதைப் பார்ப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், கொடுமுடியிலும் சரி, சியாட்டிலிலும் சரி.

1994ஆம் ஆண்டின் சிறந்த ஆல்பம் எது என்று ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் அமெரிக்க விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் ‘லிவ் த்ரூ திஸ்’ முதலிடம் பெற்றது. அப்போதும் வதந்தி நிற்கவில்லை. முதலிடம் கொடுத்தாலும் கேள்வி மாறுவதில்லை என்பதை நான் பள்ளியிலேயே கற்றிருந்தேன்.

*

பெண்கள் சேர்ந்து ஒன்றைத் தொடங்குவது அரிது. இரண்டாவது முறை செய்ய உயிரோடும் ஒன்றாகவும் இருப்பது அதைவிட அரிது. காஷ்மீரில் மூன்று பள்ளி மாணவிகள் ‘பிரகாஷ்’ என்று ராக் குழு தொடங்கினார்கள். 2012 டிசம்பரில் ஒரு போட்டி மேடையில் வாசித்தார்கள். 2013 பிப்ரவரியில் மிரட்டல்களும் மதத்தலைவரின் ஃபத்வாவும் வர, நிறுத்திக்கொண்டார்கள். முதல் ஆல்பம்கூட இல்லை. எங்கள் பக்கம் மிரட்டல்கூடத் தேவையில்லை. கோயில் விழாக்களில் லைட் மியூசிக் பாடும் பெண் அடுத்த வருடம் வரவில்லை என்றால் ‘கல்யாணம் ஆயிருச்சு’ என்பார்கள். ஒரு குழுவிலிருந்து ஆண் விலகினால் ஏன் என்று பேசுவார்கள். பெண் விலகினால் அது காரணமே தேவையில்லாத செய்தி.

கிறிஸ்டன் ஃபாஃப் 1994இல் போதையை விட முயன்று மினியாபொலிஸ் போனார். பழைய குழுவோடு மறுபடி வாசித்தார். அங்கேயே தங்கிவிடுவது என்ற முடிவோடு, சியாட்டில் வீட்டில் இருந்த தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். அந்த வீட்டிலேயே இறந்தார். வயது 27. அந்த வயதில் இறந்த ராக் கலைஞர்களின் பட்டியலில் கர்ட்டின் பெயருக்குப் பின்னால் எங்கோ அவர் பெயர் வரும். மான்ட்ரியலிலிருந்து மெலிசா ஆஃப் டெர் மௌர் வந்து அந்த இடத்தில் நின்றார். 1998இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பேட்டிக்கும் அதுதான் நடந்தது. தயாரிப்பாளரின் வற்புறுத்தலால் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் ஓர் ஆண் டிரம்ஸ் வாசித்தார். அட்டையில் மட்டும் பேட்டியின் படம் இருந்தது. இந்த முறை உண்மையிலேயே ஓர் ஆண் வாசித்தார், பெண்ணின் பெயரில். அதைக் கேட்டுத் துப்பறிந்தவர்கள் எத்தனை பேர்? பேட்டி சில காலம் வீடில்லாமல்கூட இருந்து, மீண்டு, 2017இல் தன் கதையைத் தானே புத்தகமாக எழுதினார். அவர் உயிரோடு கடந்து வந்தார். ஆல்பத்தின் பெயருக்கு உண்மையாக இருந்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் பேட்டியைச் சொல்வேன்.

என் தோழி அரையாண்டுத் தேர்வு முடிந்து ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்து, சித்தப்பாவோடு வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துப் போனாள். தை மாதம் கல்யாணம். “உன்ற கட்டுரைய நல்லா வெச்சிரு” என்று மட்டும் சொன்னாள். உன்ற கட்டுரை என்றாள். நம்முது என்று நான் திருத்தவில்லை. வார்டன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், எனக்குப் பயமாக இருந்தது என்பது ஒரு சாக்கு. சான்றிதழில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது என்பது இன்னொரு சாக்கு.

அந்தக் கேசட் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நாடா இழுபட்டு, ‘டால் பார்ட்ஸ்’ நடுவில் தண்ணீருக்கடியில் பாடுவது போலக் கேட்கும். பேஸ் மட்டும் தெளிவாக இருக்கிறது. இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை எழுதி முடித்தபின் அலங்காரமாகப் பட்டதையெல்லாம் அடித்தேன். அப்படி அடிக்கக் கற்றுக் கொடுத்தது யார் என்று யாராவது கேட்டால், இந்த முறை சொல்வேன்: ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கழிப்பறை விளக்கு வெளிச்சத்தில்.